ஆர்டர் இல்லாமல் ஆள் எடுப்பவர் யார்?

கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தால் வேலை பெருகும் என்கிறார்களே, அப்படியானால் வேலையை உருவாக்குவது முதலாளிதானே?
வாசகர், அவிநாசி

சம்பளம் செலவுக் கணக்கில் வருவது. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் லாபத்துக்குத்தான் வரி. பனியன் கம்பெனி ஒன்று கூடுதலாக ஒரு டெய்லரை எடுக்கிறது, மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், சாயம், கரண்ட் போக அவர் தையலால் 18,000 வருகிறது. லாபம் 3,000. வரி 30 சதவீதம் என்றால் கையில் நிற்பது 2,100. 22 சதவீதம் என்றால் 2,340. இரண்டிலுமே அவரை எடுப்பது லாபம்தான். ஆர்டர் இல்லாவிட்டால் 15,000 ரூபாயும் நஷ்டம். வரியே இல்லை என்றாலும் எடுக்க மாட்டார்கள்.

2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாக மத்திய அரசு குறைத்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அந்தக் காலாண்டில் ரிசர்வ் வங்கி எடுத்த கணக்குப்படி, ஆலைகளின் உற்பத்தித் திறனில் 70 சதவீதம்கூடப் பயன்படவில்லை. இருக்கிற மெஷினே சும்மா நிற்கும்போது மிச்சமான வரிப்பணம் கடனை அடைக்கப் போகும், டிவிடெண்டாகப் போகும். புது மெஷினுக்கு ஏன் போகப்போகிறது?

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது திருப்பூரில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். அதே முதலாளி, அதே டெய்லர், அதே ஓவர்லாக் மெஷின். பையர்கள் ஆர்டரை நிறுத்திவைத்ததும் வேலை குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானால் சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அடுத்த வாரமே மெஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் அது தெரியும், அங்கேயும் ஆள் குறைப்பார்கள். தொழிலாளியின் கூலிதான் பக்கத்துக் கடைக்காரருக்கு ஆர்டர்.

அப்படியென்றால் முதலாளி எதற்கு?
வாசகி, பெருந்துறை

ஆர்டர் தானாகச் சம்பளமாக மாறிவிடாது. நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடித்துச் சரக்கை ஏற்றிய பிறகும் பணம் வர 60 நாள், 90 நாள் ஆகும். சனிக்கிழமைக் கூலி அதுவரை காத்திருக்காது. பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு ஏற்றும் முன் வங்கி தரும் ஏற்றுமதிக் கடன், வாங்கி அந்த இடைவெளியைத் தாங்குவது முதலாளி. ஷேடு மாறி ஒரு லாட் திரும்பினால் மறுபடி சாயம் ஏற்ற வேண்டும், கப்பல் தேதி தவறும், விமானச் சரக்குக் கட்டணம் அவர் தலையில் விழும். மொத்த லாபமும் அதிலேயே கரையும். இந்தத் திறமைக்கும் ரிஸ்க்குக்கும் கூலி நியாயமே. ஆனால் அவர் நடத்திக்கொடுக்கும் வேலைக்குத் தேவை வேறெங்கிருந்தோ வர வேண்டியிருக்கிறது.

ஆள் எடுப்பவருக்கே கிடைக்கும் வரிச்சலுகை ஏதாவது உண்டா?
வாசகர், பல்லடம்

உண்டு, 1961 வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏஏ பிரிவாக இருந்தது; 2026 ஏப்ரல் முதல் அதற்குப் பதிலாக வரும் 2025 வருமான வரிச் சட்டத்திலும் இந்தச் சலுகை தொடர்கிறது. பொதுவாக விகிதத்தைக் குறைப்பதைவிட இதையே நான் நல்ல வழி என்பேன். ஆள் எடுத்தால்தான் சலுகை. கூடுதல் ஆட்களின் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு, வழக்கமான செலவுக்கு மேல், கழித்துக்கொள்ளலாம். மாதம் 15,000 ரூபாயில் 10 பேர் என்றால் ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், கழிவு 5.4 லட்சம்.

கணக்கு ஆடிட் ஆகியிருக்க வேண்டும். சம்பளம் 25,000-க்கு மேல் போகக் கூடாது, ஆள் பி.எஃப்-இல் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் பட்டியலில் இருப்பவர் உங்கள் ஆளாகக் கணக்காக மாட்டார். ரொக்கமாகக் கொடுத்தால் போச்சு, வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், ஆயத்த ஆடைத் தொழிலுக்கு 150 நாள் போதும். பாதி ஆண்டில் சேர்ந்தவர்களால் இந்த நாள் கணக்குதான் பெரும்பாலும் இடறுகிறது. ஆனால் அப்படிச் சேர்ந்தவர் அடுத்த ஆண்டில் அந்த நாட்களைப் பூர்த்தி செய்தால் அந்த அடுத்த ஆண்டில் சேர்ந்தவராகவே கொள்ளப்படுவார். அவர் பெயரை விட்டுவிடாமல் ஆடிட்டரிடம் கொடுங்கள்.