400 கிலோமீட்டர் ஏவுகணை இருந்தால் போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வான் பாதுகாப்பு ஏவுகணைகள் பற்றிய ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். இன்னும் விரிவாகச் சொல்லுங்கள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதுதான்.

எஸ்-400 ஏவுகணை 400 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். ஒரு ஏழை நாடு அதில் இரண்டு வாங்கி நிறுத்திவிட்டால் போதாதா சார்?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

போதாது தம்பி. எஸ்-400 என்பது ரஷ்யாவின் வான் பாதுகாப்பு அமைப்பு. அந்த அமைப்பில் பல வகை ஏவுகணைகள் உண்டு, 400 கிலோமீட்டர் என்பது அதில் ஒரு வகைக்கு மட்டும், அதுவும் எதிரி விமானம் நல்ல உயரத்தில் பறந்து வந்தால்தான். பூமி உருண்டையாக இருப்பதால் தாழப் பறப்பது ரேடாருக்குத் தெரியாது. 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவை வைத்தால், 50 மீட்டர் உயரத்தில் வருகிற குரூஸ் ஏவுகணை (விமானம் போலத் தாழப் பறந்து வருவது) சுமார் 40 கிலோமீட்டர் கிட்டே வந்த பிறகுதான் திரையில் விழும், அதுவும் நடுவில் மேடே இல்லாத சமவெளியில். தொப்பூர் கணவாய் பக்கம் போல மலை குறுக்கே நிற்கிற இடமென்றால் இன்னும் நெருங்கிவிடும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வருவது 40 கிலோமீட்டரை மூன்று நிமிடத்தில் கடந்துவிடும், அந்த மூன்று நிமிடத்துக்குள் அதைக் கண்டுபிடித்து, நம்முடையதா எதிரியுடையதா என்று உறுதி செய்து, உத்தரவு வாங்கி, சுட்டு முடிக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் சவூதி அரேபியாவில் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டது நினைவிருக்கும். பணத்துக்குக் குறையில்லாத நாடு, அமெரிக்காவின் பேட்ரியாட் அமைப்புகளை வைத்திருந்த நாடு. தாழப் பறந்து வந்த ட்ரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் ஒரே நாளில் அந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பாதியை நிறுத்திவிட்டன. அடுத்த ஆண்டு நகோர்னோ-கராபக் போரில் ஆர்மீனியாவிடம் எஸ்-400-க்கு முந்தைய ரஷ்ய அமைப்பான எஸ்-300 இருந்தும், அஜர்பைஜானின் துருக்கி ட்ரோன்களும் இஸ்ரேலியத் தற்கொலை ட்ரோன்களும் ஆர்மீனியாவின் வான் பாதுகாப்பு வாகனங்களையே தேடித் தேடி அழித்தன. தூரத்துக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்குத் தோளில் வைத்துச் சுடுவதும் பீரங்கியும் என்று அடுக்கடுக்காக இருந்து, எல்லாவற்றையும் ஒரே வலைப்பின்னலில் கோத்து, ஒரு ரேடார் பார்ப்பதை மற்றவையும் பார்க்கும்படி செய்தால்தான் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

சரி, யாரிடம் வாங்குவது நல்லது? ரஷ்யாவா, அமெரிக்காவா, சீனாவா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் விற்பவரைப் பாருங்கள், ஏனென்றால் விற்ற பிறகும் உதிரி பாகம், மென்பொருள், பயிற்சி, காலாவதியாகும் ஏவுகணைக்கு மாற்று என்று முப்பது வருடத்துக்கு நம் குடுமி அவர் கையில்தான் இருக்கும்.

ஈரான் 2007-இல் எஸ்-300 வாங்க ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது. 2010-இல் ஐ.நா. தடை வந்ததும் ரஷ்யா கைவிரித்துவிட்டது, ஈரான் சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது, கடைசியில் பொருள் கைக்கு வந்தது 2016-இல். சைப்ரஸ் கதை இன்னும் வேதனை. 1997-இல் அதே எஸ்-300-க்கு ஒப்பந்தம் போட்டார்கள், நிறுத்தினால் தாக்குவோம் என்று துருக்கி மிரட்டியது, கடைசியில் அது கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. சைப்ரஸ் மண்ணில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அந்தத் துருக்கியே பிறகு சுமார் 250 கோடி டாலருக்கு எஸ்-400 வாங்கி, 2019 ஜூலையில் அது வந்து இறங்கிய உடனே எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து அமெரிக்காவால் வெளியேற்றப்பட்டது, 2020 டிசம்பரில் பொருளாதாரத் தடையும் வந்தது. வாங்கிய எஸ்-400-ஐ, துருக்கி உறுப்பினராக உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணியின் வலைப்பின்னலோடு இணைக்கவும் முடியாது. நாமும் 2018-இல் ஐந்து எஸ்-400 தொகுதிகள் (ஒவ்வொன்றிலும் பல ஏவு வண்டிகளும் ரேடார்களும் உண்டு) கேட்டோம். நம் மீது தடை வரவில்லை, ஆனால் 2023-க்குள் மூன்றுதான் வந்தன, உக்ரைன் போரால் மற்றவை தள்ளிப்போயின.

அமெரிக்கப் பொருள் தரமானது, ஆனால் விலையும் அதிகம், வரிசையும் நீளம், நிபந்தனையும் கூடவே வரும். சீனா தயங்காமல் விற்கிறது, பாகிஸ்தான் 2021-இல் எச்.க்யூ-9 வகையையும் செர்பியா 2022-இல் எஃப்.கே-3-ஐயும் பெற்றன. ஆனால் சீனாவோடு எல்லைத் தகராறு உள்ள நாட்டுக்கு அது வழியே இல்லை. இப்போது பல நாடுகள் நடுவில் இருப்பவர்களைத் தேடுகின்றன, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தென்கொரியாவின் நடுத்தர தூர அமைப்பான சோன்குங்-2-ஐ ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, இராக் மூன்றும் வாங்கியிருக்கின்றன. பிலிப்பைன்ஸ் இஸ்ரேலின் ஸ்பைடரை வாங்கியது, இந்தோனேசியா நார்வேயின் நாசாம்ஸை வாங்கியது. 2020-இல் அடிவாங்கிய ஆர்மீனியா இந்தியாவிடம் நம் ஆகாஷ் வான் பாதுகாப்பு ஏவுகணையைக் கேட்டது, 2024 நவம்பரில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது.

எங்கள் பக்கம் இன்னும் நல்ல தண்ணீருக்கு அலைகிறோம். இவ்வளவு பணத்தை ஏவுகணையில் கொட்டுவது நியாயமா ஐயா?
– இல்லத்தரசி, பென்னாகரம்

நியாயமான கேள்வி அம்மா, இதைத் தள்ளிவிட்டு மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2018-இல் ஐந்து எஸ்-400-க்குப் பேசிய விலை 543 கோடி டாலர், அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். ஒரு தொகுதிக்கு 8,000 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஃப்ளோரைடு இல்லாத தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியோடு ஆன செலவு சுமார் 1,900 கோடி. ஒரு எஸ்-400 தொகுதி விலையில் நான்கு ஒகேனக்கல் திட்டம்.

இதைச் சொல்வதால் பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டின் மின் நிலையமும் குடிநீர் பம்ப் ஹவுஸும் தாக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை உக்ரைன் மக்கள் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் அனுபவிக்கிறார்கள். ஆனால் அணிவகுப்பில் காட்டுவதற்காகப் பெரிய பொருளை வாங்கி, அதைப் பராமரிக்கப் பணமில்லாமல் கொட்டகையில் போட்டு வைக்கிற அரசு, மக்களுக்குத் தண்ணீரையும் கொடுக்கவில்லை, காவலையும் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால், கையில் காசு குறைவாக உள்ள நாடு முதலில் ரேடார்களையும் தகவல் தொடர்பையும் வாங்க வேண்டும், அடுத்து பீரங்கியும் கிட்டத்து ஏவுகணையும், அப்புறம் 30 முதல் 70 கிலோமீட்டர் வரை போகிற நடுத்தர அமைப்பு, அதுவும் பயிற்சியும் உதிரி பாகமும் ஒப்பந்தத்திலேயே சேர்த்து. நீண்ட தூரம் கடைசியில்தான், வசதி இருந்தால்.

மலிவான ட்ரோனைச் சுட கோடிக்கணக்கில் ஏவுகணையா?
– ஆசிரியர், ஊத்தங்கரை

பேட்ரியாட்டின் புதிய ஏவுகணை ஒன்று சுமார் 40 லட்சம் டாலர், ஈரானின் ஷாஹெட் ட்ரோன் சில பத்தாயிரம் டாலர். இப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் எதிரிக்கு முன்னால் நாம் காலியாகிவிடுவோம். அதனால்தான் பீரங்கிகளுக்கு மறுபடி மவுசு. 2025 மே மாதம் பாகிஸ்தானிலிருந்து கூட்டமாக வந்த ட்ரோன்களை வீழ்த்தியதில், புதுப்பிக்கப்பட்ட பழைய எல்-70 பீரங்கிகளுக்கு நல்ல பங்கு உண்டு. ராணுவத்தின் ஆகாஷ்தீர் வலைப்பின்னல் இலக்கைக் காட்டிக் கொடுத்தது.

வெளியே கேட்டு நிற்பதைவிட நாமே செய்துகொள்ள முடியாதா?
– ஓய்வுபெற்ற ராணுவ வீரர், கிருஷ்ணகிரி

முடியும் ஐயா, பொறுமை இருந்தால். ஆகாஷ் 1983-இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் பிறந்தது. விமானப்படையும் தரைப்படையும் முறையாகச் சேர்த்துக்கொள்ள ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. அந்த முப்பது வருடத்தில் கேலியும் குறையும் நிறையக் கேட்டோம், திட்டத்தை மூடச் சொன்னவர்களும் உண்டு, மூடியிருந்தால் இன்று ஆர்மீனியாவுக்கு விற்பது எங்கே?

முப்பது வருடம் காத்திருக்க முடியாத நாட்டுக்குக் கூட்டுத் தயாரிப்பு என்ற வழி இருக்கிறது. இஸ்ரேலோடு சேர்ந்து செய்த 70 கிலோமீட்டர் தூர எம்.ஆர்.சாம், 2021 செப்டம்பரில் ஜெய்சால்மரில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொரியர்களும் சோன்குங்கை ரஷ்ய நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடுதான் ஆரம்பித்தார்கள், ஆனால் கற்றுக்கொண்டதைத் தங்கள் ஆலைகளுக்குள் இறக்கினார்கள், இன்று அவர்களே விற்கிறார்கள். வாங்குகிற ஒப்பந்தத்தில் ‘இங்கே தயாரிப்போம், இங்கே பழுது பார்ப்போம்’ என்ற வரியைப் பிடிவாதமாகச் சேர்க்காத நாடு அடுத்த தலைமுறையிலும் கையேந்தித்தான் நிற்கும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே இல்லை.

இந்தத் துறையில் வேலை செய்ய ஆசை. என்ன படிக்கலாம் சார்?
– பிளஸ் டூ மாணவி, அரூர்

எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ், கணினி, எரிபொருள் பக்கம் போக வேதியியல் என்று எதுவும் உதவும். கணக்கையும் இயற்பியலையும் மட்டும் விட்டுவிடாதே அம்மா. பொறியியல் முடித்து கேட் என்ற தேசியத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.-வின் விஞ்ஞானி பணிக்கு விண்ணப்பிக்கலாம், ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கு அதே டி.ஆர்.டி.ஓ. ஆள் எடுக்கிற செப்டாம் தேர்வு இருக்கிறது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாதில் பாரத் டைனமிக்ஸ் இரண்டும் ஆகாஷ் வேலையில் இருப்பவை, அவர்களின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிரு. ஓசூர் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று, மற்றவை சென்னை, கோவை, சேலம், திருச்சி. படிப்பு முடியும்போது அங்கேயும் விசாரித்துப் பார்.