மகரக்கட்டு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பாட்டு டீச்சர் ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. சிறுவயதில் கொஞ்சநாள் பாட்டுக் கற்றவள் என்பது எப்படியோ ஹெச்.எம். காதுக்குப் போய், ஆண்டுவிழாவுக்குச் சேர்ந்திசைக் குழு ஒன்றைத் தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. 42 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் 8 பேருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் வாயைத் திறந்தால் மொத்தப் பாட்டும் கலைந்துவிடுகிறது. "பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். நானும் சொல்லிவிட்டேன். மறுநாள் அதில் ஒருவன் வந்து, "டீச்சர், சத்தம் வரக்கூடாதுன்னா நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

போனமாதக் கட்டுரையில், சேர்ந்திசைக் குழு நடத்திய எம்.பி.சீனிவாசனைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அவர் பெரிய இசையமைப்பாளர். என்னைப் போன்றவர்கள் இதையெல்லாம் செய்யலாமா? கூட்டமாகப் பாடுவது நம் மரபே இல்லை என்று சங்கீதம் தெரிந்த உறவினர் வேறு சொல்கிறார். பள்ளி விஷயம் என்பதால் என் பெயரைத் தவிர்த்துவிடவும்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பையன் கேட்ட கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நானும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தேன். சுதந்திர தினத்துக்குப் பாட்டுப் பயிற்சி. பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரிசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். "நீதானா அது" என்றார். அவ்வளவுதான். மிச்ச நாளெல்லாம் வாயசைத்தேன், மேடையிலும் வாயசைத்தேன். வீட்டில் நன்றாகப் பாடியதாகச் சொன்னார்கள். இன்றைக்கும் ஏதாவது கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று பாடினால் என் குரல் தானாக உள்ளே போய்விடும். அவர் கெட்டவர் இல்லை. விழாவுக்கு நாலு நாள் இருந்தது, அவருக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அவனுக்கு நடப்பது என்ன என்பதை அறிவியல் ஆசிரியைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குரல்வளை பெருக்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, கடைசியில் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே போய் நிற்கிறது. நம் ஊரில் இதற்கு மகரக்கட்டு என்று அழகான பெயர் இருக்கிறது. சிறுவர்களையே நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்கள் நடுங்கிய சொல் அது. ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால் அவன் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். அதே பயத்தில்தான் இன்றுவரை குரல் உடையும் பையனைப் பாட்டிலிருந்து ஒதுக்கிவைக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த மாதங்களில் குரல் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை, வீச்சு குறுகிவிடுகிறது. மேலே போனால் கீச்சிடும், கீழே போனால் காற்றுதான் வரும். நடுவில் ஐந்தாறு சுரம் பத்திரமாக இருக்கும். அமெரிக்காவில் இர்வின் கூப்பர் என்ற இசைப் பேராசிரியர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பாட்டுக்குப் பையனை வளைக்காதே, அவனிடம் இருக்கும் சுரங்களுக்கு ஒரு வரியை எழுது என்றார். உடைகிற குரலுக்கு 'கேம்பியாட்டா' என்று தனிப் பெயரே வைத்து, அந்த வீச்சுக்குள் அடங்கும் பாட்டுகளை உருவாக்கினார்கள்.

நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். தம்புரா என்ற ஒன்று நம்மிடம் இருக்கிறதே.

பெண்பிள்ளைகள் எப்படியும் ஐந்து கட்டை பக்கம் பாடுவார்கள். அதே சுருதியில் அந்த 8 பேரையும் தனித்தனியாக, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், 'ம்' என்று முனகச் சொல்லுங்கள். பாடச் சொல்லாதீர்கள், வெட்கப்படுவார்கள். சிலருக்கு ஸட்ஜம், அதாவது ஸ, சுலபமாக நிற்கும். குரல் ஏற்கெனவே இறங்கிவிட்ட ஓரிருவருக்குக் கீழ்ப் பஞ்சமம், அதாவது கீழே உள்ள ப, வரும். யாருக்கு எது நிற்கிறதோ அதையே கொடுத்துவிடுங்கள். மற்ற 34 பேரும் பாட்டைப் பாடட்டும். இவர்கள் அடியில் தம்புரா மாதிரி ஸவையும் பவையும் இழுத்துப் பிடிக்கட்டும். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விடக்கூடாது, அது ஒன்றுதான் கண்டிப்பு. பக்கத்தில் நிற்பவன் மூச்சு வாங்கினால் நான் வாங்கமாட்டேன் என்று அவர்களே தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பையன்களுக்கு இந்த மாதிரி ரகசிய ஒப்பந்தம் ரொம்பப் பிடிக்கும்.

எம்.பி.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெரிய இசையமைப்பாளர் என்பது உண்மை. 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு அவர் போட்ட மெட்டுகளை இன்னும் முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். மலையாளத்தில் இன்னும் பெரிய பெயர். 1961இல் யேசுதாஸை முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாடவைத்தவர் அவர்தான். ஆயிரத்தில் ஒரு குரலைக் கண்டெடுக்கிற காது. அதே காதை வைத்துக்கொண்டு 1970களின் தொடக்கத்தில் அவர் செய்தது மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு. அதில் பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. வேலைக்குப் போய்விட்டு, கல்லூரிக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து நின்றவர்கள். தனியாக மேடையேற்றினால் பாதிப் பேருக்குக் கைகால் உதறும். அவர்களுக்குப் பாரதி பாடல்களைப் பல அடுக்காகப் பிரித்துக் கொடுத்தார், தெரியாத மொழிப் பாடல்களையும் பாடவைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவுக்குப் போன இடத்தில் இறந்துபோகும்வரை இந்த வேலையை அவர் விடவில்லை.

சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவரும் இவர்தான், மாணவப் பருவத்திலிருந்தே இடதுசாரி. எனக்கு அந்த இரண்டு வேலையும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. நாற்பது வயலின்காரர்களில் ஒருவராக உட்கார்ந்திருப்பவருக்கு ஒழுங்கான கூலி வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான், பின்வரிசைக் குரலுக்கும் ஒரு வரி எழுதத் தோன்றும். கல்கத்தாவில் 1958இல் யூத் கொயர் தொடங்கிய ரூமா குஹ தாகுர்தா, பம்பாயில் தொடங்கிய சலீல் சௌத்ரி, எல்லாருமே 1943இல் பிறந்த இப்டா என்ற மக்கள் நாடக மன்றத்தின் காற்றைச் சுவாசித்தவர்கள். ஷில்லாங்கின் நீல் நோங்கின்ரி வேறு வகை. லண்டனில் பியானோக் கலைஞராக இருந்தவர், ஊருக்குத் திரும்பி 2001இல் ஒரு குழுவைக் கட்டி, 2010இல் சீனாவில் நடந்த உலகச் சேர்ந்திசைப் போட்டியில் தங்கம் வாங்கினார். அது தேர்ந்தெடுத்த குரல்களின் உச்சம். மெச்சுகிறேன். ஆனால் உங்கள் 42 பேருக்கு அங்கே வழி தேடாதீர்கள்.

உங்கள் உறவினர் சொல்வது பாதி சரி. பஜனையில் கூட்டமாகப் பாடுகிறோம், நடவில் பாடுகிறோம், குலவை போடுகிறோம். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நமக்குப் பழக்கம்தான். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வரியைப் பாடி அது ஒன்றாகச் சேர்வதுதான் நம் சங்கீதத்தில் வளரவில்லை. அதற்கு முன்னால் நின்று கையசைத்து எல்லாரையும் சேர்க்கிற ஒரு தனி ஆள் வேண்டும், ஆங்கிலத்தில் கண்டக்டர், அந்த ஆளுக்குத் தமிழில் பெயர்கூட இல்லை. 'நடத்துநர்' என்று எழுதினால் டிக்கெட் கொடுப்பவர் என்றுதான் அர்த்தம். நண்பரின் மகன் கண்டக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்றதும் அவன் பாட்டி, "டிரைவருக்குப் படியேன், சம்பளம் கூட வருமே" என்றாராம்.

நம் பாடகர்கள் தொடையில் தட்டுவதும் இந்த ஆள் கையசைப்பதும் ஒன்றல்ல. தாளம் போடும் கை இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும். இவர் கை அடுத்து வரப்போவதைச் சொல்லும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே அவர் வேலை தொடங்கிவிடுகிறது. அவர் மூச்சை இழுக்கிற விதத்திலேயே வேகமும் பலமும் இருக்கும், எல்லாரும் அவரோடு சேர்ந்து இழுப்பார்கள்.

இதை நான் பார்த்துக் கற்றது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தேவாலயத்தில். நண்பர் ஒருவர் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அழைத்துப்போனார். கொயர் மாஸ்டர் தபால்துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே பாதிப் பேருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி, தெரியாது. கையில் சுரங்களை எழுத்தால் குறிக்கும் பழைய சோல்ஃபா புத்தகம், அட்டைக்குப் பழுப்புத்தாள் போட்டது. மிஷனரிகள் கொண்டுவந்த முறை அது. அதில் முதல் சுரமான 'டோ' எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் உட்காரும், நம் ஸ மாதிரியே. அதனால்தான் இங்கே இவ்வளவு சுலபமாக வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

அவர் முதலில் பாட்டைச் சொல் இல்லாமல் வெறும் முனகலாகப் பாடச்சொன்னார். பாடும்போது முன்னால் நிற்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். ஒரு குரல் கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது, எனக்கே கேட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நிறுத்திவிட்டு, "நீங்க இங்க வாங்க, தம்பி நீ அங்க போ" என்று நாலு பேரை இடம் மாற்றினார். மறுபடி பாடியபோது அந்த ஏற்றம் இல்லை. ஏறிய ஆள் இப்போது இரண்டு உறுதியான குரல்களுக்கு நடுவில் நின்றிருந்தார். தன்னால்தான் மாற்றம் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்றே சந்தேகம். பிறகு முக்கால் மணிநேரம் ஒரே ஒரு விஷயம்: 'ம்' என்று முடியும் சொற்கள். முப்பது பேர் முப்பது விதமாக உதட்டை மூடினால் அது தேனீக்கூடு மாதிரி இரையும். விரலையும் கட்டைவிரலையும் மெதுவாகச் சேர்த்தார். முப்பது உதடுகளும் அதோடு மூடின. அந்த அறையில் சட்டென்று விழுந்த அமைதியை நான் மறக்கவில்லை.

நீங்கள் செய்யலாமா என்றால், இதில் பெரிய சங்கீத ஞானம் எங்கே இருந்தது சொல்லுங்கள். கேட்கிற காதும் பொறுமையும் இருந்தால் போதும், பள்ளியில் இத்தனை வருடம் தள்ளியவருக்குப் பொறுமைக்குக் குறைவிருக்காது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்பீக்கரில் டிராக்கைப் போட்டு அதன்மேல் பிள்ளைகளைக் கத்தவிடாதீர்கள். ஆண்டுவிழாக்களில் இப்போது அதுதான் நடக்கிறது. டிராக்கின் சுருதி யாரோ ஒரு சினிமாப் பாடகருக்கு அமைந்தது, உங்கள் பிள்ளைகளுக்கு அமைந்ததில்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பாடுவது கேட்காது. பக்கத்துக் குரல் கேட்கவில்லை என்றால் சேர்ந்து பாடுவது எதற்கு? ஃபோனில் ஒரு சுருதிப் பெட்டி போதும், ஹெச்.எம். கேட்டால் மின்சாரச் செலவு மிச்சம் என்று சொல்லுங்கள்.

அந்தப் பையனிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம். நாளைக்குக் கூப்பிட்டு, சுருதியைப் போட்டு, இதைப் பிடிக்க ஆள் வேண்டும், முடியுமா என்று கேளுங்கள். எட்டுப் பேருக்கும் அவரவர் சுரம் நின்ற பிறகு ஃபோனில் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள். மேடையில் எடுத்தது வேண்டாம். பயிற்சியில் எடுத்ததே போதும், நடுவில் யாராவது சிரித்திருந்தாலும் வெட்டாமல் அனுப்புங்கள்.