காணாமல் போனவரைத் தேடும் குடும்பங்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (தேனி): அண்ணன் வெளியூரில் காணாமல் போனார். 24 மணி நேரம் பொறுங்கள், அந்த ஊரில் போய்ப் புகார் கொடுங்கள் என்கிறார்கள்.

பதில்: காத்திருக்கச் சொல்லும் விதி சட்டத்தில் இல்லை. கடத்தல் சந்தேகம் இருந்தால் காரணத்தோடு மனுவில் எழுதுங்கள்; சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் பதிவு செய்தாக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 173). சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். அது மனு பெற்றதற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் மனு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீது முக்கியம்.

கேள்வி (கடலூர்): விசாரணையில் எதை முதலில் வலியுறுத்துவது?

பதில்: அழியக்கூடியதை. கடை, பஸ் ஸ்டாண்டு சிசிடிவி பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் அழிந்துவிடும். செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் 2 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சிம்மை மாற்றினாலும் போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண் மாறாது. போன் வாங்கிய பெட்டியில் இருக்கும், தேடி எடுத்துக் கொடுங்கள்.

அங்க அடையாளத்தில் 'மாநிறம், சராசரி உயரம்' என்று எழுதினால் பயனில்லை. பழைய தழும்பு, கட்டிய பல், எலும்பில் வைத்த பிளேட், செருப்பு அளவு, இவைதான் அடையாளம் தெரியாத உடல்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு ஒப்பிட உதவும். தண்டவாளத்தில் கிடைத்த உடல் ரயில்வே போலீஸ் கோப்பில் இருக்கும், அங்கும் தனியாக விசாரியுங்கள். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குப் பெற்றோரின் மாதிரியே சிறந்தது. அவர்கள் இருக்கும்போதே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மனைவியின் மாதிரி மட்டும் போதாது, பிள்ளைகளின் மாதிரியும் சேர வேண்டும்.

கேள்வி (மதுரை): ஆட்கொணர்வு மனு போடலாமா?

பதில்: அது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு. யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பதற்கு அடிப்படை இருந்தால் போடலாம். வெறுமனே 'காணவில்லை' என்றால் நிற்பது கடினம். நெருக்கடி நிலையின்போது, 1976-ல், போலீஸ் பிடித்துச் சென்ற கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனுக்காகத் தந்தை ஈச்சர வாரியர் போட்ட மனு 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் நின்றது. கக்கயம் போலீஸ் முகாமில் ராஜனைப் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அப்படியும் அந்தத் தந்தைக்கு மகனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

கேள்வி (சேலம்): துப்பு கிடைக்கவில்லை என்று வழக்கை முடிக்கப் போகிறார்களாம்.

பதில்: வழக்கை முடிக்கக் கேட்கும் போலீஸ் அறிக்கையை ஏற்கும் முன் மாஜிஸ்திரேட் புகார்தாரரின் தரப்பைக் கேட்டாக வேண்டும் (பகவந்த் சிங் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1985). நோட்டீஸ் வந்ததும் ஆட்சேப மனு போடுங்கள். 'சரியாக விசாரிக்கவில்லை' என்பது போதாது. விசாரிக்காத சாட்சி யார், வாங்காத பதிவு எது என்று வரிசையாக எழுதி, மேல் விசாரணை கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): 7 ஆண்டு ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா?

பதில்: தானாகக் கிடைக்காது. 7 ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்ததாகக் கருதும் அனுமானம் (புதிய சாட்சிய சட்டம் பிரிவு 111, பழைய சட்டத்தில் 108) நீதிமன்றத்தில் எழுப்பினால்தான் வரும். எஃப்.ஐ.ஆர்., போலீஸ் அறிக்கை, பத்திரிகை விளம்பரம் ஆகியவற்றோடு சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். பலர் சறுக்குவது இறந்த தேதியில்: காணாமல் போன நாளே இறந்த நாள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இடையில் பிரீமியம் நின்றால் பாலிசி காலாவதியாகி, கோர்ட் தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராமல் போகலாம். சிரமமானாலும் தீர்ப்பு வரும்வரை கட்டுங்கள்.