ஐந்து வயது மகளோடு மலையேறலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வரும் விடுமுறையில், எல்லாரும் போய்வருகிற ஒரு மலைப்பாதையில் அவளையும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. போக, வர ஒன்பது கிலோமீட்டர். ஏற்றம் 600 மீட்டர். "கூட்டம் கூட்டமாகப் போகிற பாதை, என்ன பயம்? மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: சகோதரி, உங்கள் பயம் வீணில்லை. உங்கள் கணவரின் ஆசையிலும் தப்பில்லை. தாராளமாகக் கூட்டிப்போங்கள். அந்த மூன்று மணி நேரக் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள்.

வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு விதி சொன்னார். ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். மலையேறுகிறவர்கள் இன்றைக்கும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் பாதைக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வருகிறது. ஆனால் அது நல்ல தெம்புள்ள பெரியவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான நேரம். உங்கள் மகள் எறும்பு வரிசையைக் கண்டால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். பொறுக்கிய கல் முன்பு பொறுக்கியதைவிட அழகாக இருந்தால், பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ள ஐந்து நிமிடம் யோசிப்பாள். அவளுக்கு அதுதானே மலை! ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.

கிளம்பும் முன்பே, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று இருவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும். நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மகனுக்கு ஆறு வயதில், இப்படி ஒரு பாதையில் உச்சிவரை ஏறினோம். துள்ளிக்கொண்டுதான் ஏறினான். விழுந்தது இறங்கும்போது, வண்டி நிறுத்திய இடம் கண்ணில் பட்ட பிறகு. உள்ளங்கையில் பொடிக்கற்கள் பதிந்து ரத்தம் கசிந்தது. கால் வலிக்கிறது என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவன், அரை மணி நேரமாக வாயே திறக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். குழந்தையின் பேச்சு நின்றாலோ, சமதளத்திலேயே கால் தடுக்க ஆரம்பித்தாலோ, தெம்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே உட்காரவைத்துத் தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொடுங்கள். பசிக்கிறது என்று அவள் கேட்கும்வரை காத்திருக்காமல், முக்கால் மணிக்கு ஒரு தரம் கொடுத்துக்கொண்டே போவது இன்னும் நல்லது.

கூட்டம் இருந்தால் பயமில்லை என்று உங்கள் கணவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த பாறை வழவழவென்று இருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் வழுக்கும். குறுகலான இடங்களில் வரிசையில் நின்றே நேரம் போய்விடும். பின்னால் வருகிறவர்கள் முந்தப் பார்ப்பார்கள். அப்போது மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். நடக்கும்போதும் குழந்தை மலைப்பக்கம், பெரியவர் பள்ளத்துப் பக்கம். செங்குத்தாக இறங்கும் இடங்களில் ஒருவர் அவளுக்கு ஒரு படி கீழே இருங்கள். வளைவுகளுக்கு நடுவே மற்றவர்கள் போட்டுவைத்திருக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். உங்கள் 600 மீட்டருக்கே நான்கு டிகிரி. காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். சின்ன உடம்பு பெரியவர்கள் உடம்பைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். அவளை முதுகில் தூக்கிக்கொண்டால் உங்களுக்கு வியர்த்துக் கொட்டும். அவளோ அசையாமல் உட்கார்ந்து விறைத்துக்கொண்டிருப்பாள். காதையும் விரலையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி உடை லேசில் காயாது என்பதால், மாற்றுடை ஒரு செட் கட்டாயம் வேண்டும். இடிச்சத்தம் கேட்டால் அங்கிருந்தே இறங்கிவிடுங்கள்.

பாதை கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தலைவலி வந்தால் இந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட மறுப்பாள், காரணமில்லாமல் அழுவாள், வாந்தி எடுப்பாள். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாமல் கீழே கூட்டிவந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1981-ல் கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் வழிதவறி இறந்துபோனான். அவனைத் தேடிப்போனவர்கள் அதன்பிறகு குழந்தைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்த பாடம்: வழி தெரியாவிட்டால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு. நகராத குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். இதை வீட்டிலேயே விளையாட்டுப்போலப் பழக்குங்கள். கழுத்தில் ஒரு விசிலைப் போட்டு, மூன்று முறை ஊதச் சொல்லிக்கொடுங்கள். அன்று காலை அவள் உடுத்தியிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துண்டை மடித்து, அதன்மேல் அலுமினியத் தாளை விரித்து, ஷூ போட்ட காலால் மிதிக்கச் சொல்லுங்கள். அடித்தடம் அப்படியே பதியும். தேட வேண்டி வந்தால் அவளுடைய தடம் எது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். தாளை வண்டியில் வைத்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

போய்வந்ததும் எழுதுங்கள், எந்த இடத்தில் திரும்பினீர்கள் என்பதையும் சேர்த்து.