கெடு தேதியில் உங்களிடம் பணம் இருந்ததா?

கேள்வி: 2024 பிப்ரவரியில் ஒரு தனி வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதினோம். பதிவு செய்யவில்லை. அட்வான்ஸ் 10 லட்சம். அதில் 7 லட்சம் வங்கி வழியாக, 3 லட்சம் ரொக்கமாக. என் நகைகளை விற்றுத்தான் கொடுத்தோம். ஆறு மாதத்துக்குள் பாக்கியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும். மூலப் பத்திரம் வங்கி அடமானத்தில் இருக்கிறது, மீட்டுவிடுகிறேன் என்று உரிமையாளர் இழுத்துக்கொண்டே போனார். கெடு முடிந்து ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. இப்போது அந்தப் பகுதியில் விலை ஏறிவிட்டதால், "இன்னும் 20 லட்சம் கொடு, இல்லையென்றால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போ" என்கிறார். தரகரும் அவர் பக்கம் பேசுகிறார். உரிமையாளரின் மனைவி என் கணவரை வாசலிலேயே நிறுத்தி அவமானப்படுத்தினார். வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். மோசடிப் புகார் கொடுக்கலாமா? வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் தடை வாங்கலாமா?

பதில்: உரிமையாளரின் மனைவி பேசியது, தரகர் கட்சி மாறியது, நகையை விற்றது எதுவும் வழக்கில் நிற்காது. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அவற்றை மனுவில் எழுதினால் தாள்தான் கூடும். விலை ஏறியதால் அவர் மனம் மாறினார் என்பதையும் நீங்கள் பெரிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. எல்லா நீதிபதிகளுக்கும் அது தெரியும். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று வாங்கலாம், அதற்கு மேல் நகராது. ஒப்பந்தம் போட்டபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றுமில்லை. இது சிவில் வழக்கு.

இதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, பாக்கி 52 லட்சத்தைக் கொடுக்க நீங்கள் தயாராக இருந்தீர்களா? அதைக் காகிதத்தில் காட்ட முடியுமா?

1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம், 16-ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். கிரயம் எழுதித்தரச் சொல்லி வழக்குப் போடுபவர், தன் பங்கைச் செய்ய எப்போதும் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். 2018 திருத்தத்தைப் படித்துவிட்டு, "இனிமேல் நீதிமன்றம் கிரயம் எழுதித்தரச் சொல்லியே ஆகவேண்டுமாமே" என்று பலர் வருகிறார்கள். கிரயத்துக்கு உத்தரவிடுவதா வேண்டாமா என்று நீதிபதிக்கு இருந்த தாராளத்தை அந்தத் திருத்தம் குறைத்தது உண்மை. ஆனால் தயார் நிலையை நிரூபிக்கும் சுமையை வாங்குபவர் தலையிலிருந்து அது இறக்கி வைக்கவில்லை. விருப்பம் வேறு, வசதி வேறு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: பாக்கித் தொகைக்கான பணம் இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும், வாயால் சொன்னால் போதாது.

உங்கள் வாட்ஸ்அப்பை முழுக்கப் படித்தேன். உங்களுக்குச் சாதகம் என்று நினைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஜூலை மாதம் உங்கள் கணவர் போட்ட செய்தியை மறுபடி பாருங்கள். "சார், மனை இன்னும் விற்கலை, ரெண்டு மாசம் டைம் குடுங்க, லோனும் சேர்த்துப் பார்த்துடறேன்." எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது இதுவாகத்தான் இருக்கும். கெடுவுக்குள் கடன் அனுமதிக் கடிதம் இல்லை, வங்கி மேனேஜர் வாயால் சொன்னதுதான். மனையும் விற்கவில்லை. ஆக, ஆகஸ்டில் உங்களிடம் 52 லட்சம் இல்லை. உரிமையாளரும் பத்திரத்தை மீட்கவில்லை என்பது சரி. ஆனால் அவர் தவறினார் என்பதால் நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்று ஆகிவிடாது.

அந்த அடமானம் உங்களுக்குக் கொஞ்சம் உதவலாம். ஒப்பந்தத்தில் "முதலில் அடமானத்தை மீட்டு, மூலப் பத்திரத்தைக் காட்டிய பிறகு பாக்கி" என்று வரிசை எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், அவர் செய்யவேண்டியதைச் செய்யாமல் உங்கள் பணத்தைக் கேட்க முடியாது என்று வாதாடலாம். "வில்லங்கமின்றிக் கிரயம் செய்து தரவேண்டியது" என்று பொதுவாக எழுதியிருந்தால் வாதம் பாதியாகத் தேய்ந்துவிடும்.

நான் அதிகம் அஞ்சுவது கெடுவுக்குப் பிறகான உங்கள் மௌனத்தைப் பற்றித்தான். காலவரையறைச் சட்டம், 54-ஆம் இனம், வழக்குப் போடக் கெடு தேதியிலிருந்து மூன்று வருடம் தருகிறது. உங்களுக்கு 2027 ஆகஸ்ட் வரை. இதைக் கேட்டதும் கட்சிக்காரர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை வாங்குபவர்கள் வழக்கைத் தோற்பது பெரும்பாலும் இந்த நிம்மதியில்தான். மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கை 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தம் 1978-ல். விலை 60,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாதம். குடியிருப்பவரைக் காலி செய்து தரவேண்டிய பொறுப்பு விற்பவர்களுடையது. வாங்குபவர் இரண்டரை வருடம் எழுத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போட்டார். மூன்று வருடத்துக்குள்தான் போட்டார். ஆனாலும் கிரயம் கிடைக்கவில்லை. நகரங்களில் விலை வேகமாக ஏறும்போது கெடுவைப் பழைய காலம் போல லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். 2011-ல் வேறொரு தமிழ்நாட்டு வழக்கில் இன்னும் கடுமையாகவே சொன்னது: காலவரையறை மூன்று வருடம் என்பதற்காக ஒன்றிரண்டு வருடம் காத்திருந்து வழக்குப் போட்டுக் கிரயம் வாங்கிவிடலாம் என்று நினைக்கக்கூடாது. விலை ஏறும் சந்தையில் ஒரு சிறு அட்வான்ஸைக் கொடுத்து வீட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, விலை உயர்வை முழுதாக அள்ளிக்கொள்ள வாங்குபவரை விடமாட்டார்கள். நீங்கள் அந்த எண்ணத்தோடு காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். ஆனால் காகிதத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உங்கள் வழக்கும் அந்த மதுரை வழக்கும் உருவத்தில் அவ்வளவு நெருக்கம்.

அடுத்தது தடை உத்தரவு. "முதலில் ஒரு இன்ஜங்ஷன் போட்டு வைப்போம், மீதியைப் பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செலவு குறைவு என்பதால் பலர் இதைச் செய்கிறார்கள். ஒரே ஒப்பந்தத்திலிருந்து பிறக்கும் எல்லாப் பரிகாரங்களையும் ஒரே வழக்கில் கேட்க வேண்டும். இல்லையென்றால் விட்டதைப் பிறகு கேட்க முடியாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாம் கட்டளை, இரண்டாம் விதி. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம், முதலில் தடைக்கு மட்டும் வழக்குப் போட்டவரின் கிரய வழக்கை இந்த விதியைக் காட்டியே தள்ளியது. போட்டால் கிரயத்துக்கே போடுங்கள், தடையை அதற்குள் இடைக்கால மனுவாகக் கேளுங்கள். மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸை வட்டியோடு திருப்பித் தரவும் கோரியிருக்க வேண்டும். ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதைத் தனியாகக் கேட்கச் சொல்கிறது. கேட்காமல் விட்டு, கிரயமும் போய் அட்வான்ஸும் போய் நின்றவர்கள் உண்டு. உரிமையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்து எழுத்தில் ஏற்கனவே நோட்டீஸ் கொடுத்திருந்தால், அந்த ரத்து செல்லாது என்ற அறிவிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் பதிவாகவில்லை என்பது தனி ஆபத்து. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் கோரும் வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் உங்கள் தாள் செத்துவிடவில்லை. ஆனால் அது வில்லங்கச் சான்றில் வராது. நாளைக்கே ஒருவர் வில்லங்கம் போட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நம்பி, முழு விலை கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றித் தெரியாமல் வாங்கிய அவரைச் சட்டம் காப்பாற்றும். உங்களுக்குப் பணம்தான் மிஞ்சும்.

ரொக்கமாகக் கொடுத்த 3 லட்சம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? இருந்தால் அவர் மறுக்க முடியாது. ஆனால் 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கைமாறியதாக வழக்கில் சொன்னால், அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க நகை விற்ற ரசீதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்பதால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதிலிருந்து 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டியிருக்க வேண்டியதும் நீங்கள்தான். செய்யவில்லை என்றால் ஆடிட்டரைப் பாருங்கள்.

செலவையும் பார்ப்போம். இந்த வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் ஒப்பந்த விலையில் 3 சதவீதம், அதாவது 1 லட்சத்து 86 ஆயிரம். முதல் நாளே கட்ட வேண்டும். பாக்கி 52 லட்சத்தை நீதிமன்றத்தில் டெபாசிட் செய்யச் சொன்னால் செய்ய வேண்டும். இன்றைக்கு உங்களால் முடியுமா? முடியவில்லை என்றால், 2024-லும் முடிந்திருக்காது என்ற முடிவுக்கு நீதிபதி சுலபமாக வந்துவிடுவார். முடிந்தால், அந்தப் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். மேல்முறையீடுகள் முடியும் வரை நீங்கள் வாடகை வீட்டில் இருப்பீர்கள், மற்ற வீடுகளின் விலையும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். கெடுவுக்குள் தேதியிட்ட கடன் அனுமதிக் கடிதமோ, வங்கிக் கணக்கில் பணமோ, பாக்கியைக் கொடுக்க வருகிறோம் என்று நீங்கள் எழுதிய ஒரு கடிதமோ இல்லையென்றால் சமரசம் செய்துகொள்ளுங்கள். அவரும் பயத்தில்தான் இருக்கிறார். வழக்கு நிலுவையில் இருக்கும் வீட்டை நல்ல விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், அடமான வட்டியும் ஓடுகிறது. 20 லட்சம் என்பது பேரத்தின் தொடக்கம். வீடு உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் ஏறிய விலையில் ஒரு பங்கை ஒப்புக்கொண்டு முடியுங்கள். வேண்டாமென்றால் 10 லட்சத்தை வட்டியோடு கேளுங்கள்.

சமரசம் பேசும்போதும் சில இடங்களில் வழுக்கும். கூடுதல் தொகையைக் கையில் கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் பழைய விலையை எழுதாதீர்கள். வங்கி எழுதிய விலைக்குத்தான் கடன் தரும், கையில் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. புது விலையைப் புது ஒப்பந்தமாக எழுதி இந்த முறை பதிவு செய்யுங்கள், அடமானம் மீட்கும் தேதியை முதலிலும் பாக்கியைப் பிறகும் வையுங்கள். கடன் அனுமதிக் கடிதம் கையில் வராமல் கெடு தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள். பேச்சு நடக்கும்போதே அவர் திடீரென்று அட்வான்ஸை உங்கள் கணக்கில் போட்டுவிட்டால், அந்தப் பணத்தைச் செலவழிக்காமல், ஏற்கவில்லை என்று உடனே பதிவுத் தபாலில் எழுதுங்கள். சும்மா இருந்தால் ஒப்பந்தத்தைக் கைவிட்டீர்கள் என்பார்கள். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகுவதாகவே முடிவானால், முழுத் தொகையும் உங்கள் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு மட்டும் ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போடுங்கள்.