எல்லி தங்கிய வீடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த, ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘அபவுட் எல்லி’ படத்தைப் பார்த்தேன். முதல் அரைமணி நேரம் நண்பர்கள் வீடு கூட்டுவதும் கேலி பேசுவதுமாகவே கழிவதால் பொறுமை இழந்தேன். எல்லி காணாமற்போன பிறகுதான் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் எல்லியை அழைத்துவந்த செபிதேயின் பொய்தானே காரணம்? இயக்குநர் ஏன் அவளிடம் இவ்வளவு இரக்கம் காட்டுகிறார்?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

2009இல் வெளிவந்து, பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருதை ஃபர்ஹாதிக்குப் பெற்றுத் தந்த இந்தப் படத்தில், நீங்கள் பொறுமை இழந்த அந்த அரைமணி நேரத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

டெஹ்ரானிலிருந்து காஸ்பியன் கடற்கரைக்கு வரும் அந்தச் சட்டக் கல்லூரி நண்பர்கள், கேட்ட வீடு கிடைக்காததால், ஜன்னல் கண்ணாடி உடைந்து, கைப்பேசிக்குச் சிக்னலும் எட்டாத ஒரு பழைய வீட்டில் எட்டுப் பெரியவர்களும் மூன்று குழந்தைகளுமாகத் தங்குகிறார்கள். மணமாகாத பெண் அந்நிய ஆண்களோடு தங்குவதை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஏற்கமாட்டார் என்பதால், ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் நண்பன் அஹ்மதும், அவனுக்கு அறிமுகப்படுத்தவென்று தான் அழைத்துவந்த தன் மகளின் ஆசிரியை எல்லியும் புதுமணத் தம்பதி என்று செபிதே சொல்லிவிடுகிறாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நண்பர்களில் ஒருவரும் அந்தப் பெண்மணியிடம் உண்மையைச் சொல்லவில்லை; அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருக்கிறது. ஆகவே அந்தப் பொய்யில் அனைவருக்கும் பங்குண்டு.

அத்தனை பேர் நெருக்கியடித்துத் தங்கும் அந்த வீட்டில் எல்லியை உண்மையில் பார்த்தவர் யார்? ஒரே இரவில் திரும்பிவிட வேண்டும் என்று அவள் மன்றாடுகிறாள். செபிதே அவளுடைய பையை ஒளித்துவைக்கிறாள். பட்டம் விட்டபடி ஓடும் எல்லியின் முகத்தில் அந்தப் பயணத்திலேயே முதன்முறையாகக் கட்டற்ற மகிழ்ச்சி தெரிகிறது. அதைத் தொடர்ந்து சிறுவன் ஆரஷ் கடலில் விழுந்த செய்தி வருகிறது. அவனைக் கரைசேர்த்த பிறகே எல்லி எங்கே என்ற கேள்வி எழுகிறது. அவள் நீந்தப் போனாளா, சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டாளா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளுடைய முழுப்பெயர்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். ஒரு நாள் முழுக்க அவளைச் சுற்றி நின்று பாராட்டியவர்கள் அவர்கள்.

செபிதே குற்றமற்றவள் என்று நான் வாதிடவில்லை. எல்லிக்கு நிச்சயமாகியிருந்ததும், அதை முறித்துக்கொள்ள அவள் விரும்பியதும் செபிதேக்கு மட்டுமே தெரியும். ஆனால் இறுதியில் எல்லிக்கு நிச்சயிக்கப்பட்ட அலிரேஸா வந்து, தனக்கு நிச்சயமாகியிருந்ததை எல்லி சொன்னாளா என்று கேட்கும்போது, உண்மையைச் சொல்லி எல்லியின் மானத்தைக் காக்கவே செபிதே விரும்புகிறாள். அவளைத் தடுப்பது, தங்களுக்கு என்ன நேருமோ என்று அஞ்சும் அவளுடைய நண்பர்கள்தான். எல்லி சொல்லவில்லை என்று அவள் சொல்லும் அந்தக் கடைசிப் பொய், முதல் பொய்யைப் போலவே, அந்த வீடு முழுவதும் சேர்ந்து சொன்னது. வேறுபாடு ஒன்றுதான்: முதல் பொய்யைச் சொல்லும்போது செபிதே மகிழ்ச்சியாக இருந்தாள். ஃபர்ஹாதி அவளிடம் காட்டும் இரக்கத்துக்குக் காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். இறுதியில் இறந்துபோனதாகத் தெரியவரும் எல்லிக்காக, அந்தக் கூட்டத்தில் பேச முயன்றவள் அவள் ஒருத்திதான்.