வயர்மேன் பதில்கள்: போன கரண்ட் திரும்பி வரணும்

கேள்வி: படைப்புக்காக (முன்னோர் வழிபாடு) பத்து மாதம் கழித்து ஊர் வீட்டைத் திறந்தோம். வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) ஒரு பக்கம் லைட், ஃபேன் எதுவும் ஓடவில்லை. ஆனால் பிளக்கில் டெஸ்டர் வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. கரண்ட் இரட்டிப்பாக வருகிறதா?
*(வாசகி, கோட்டையூர்)*

பதில்: இல்லை ஆச்சி. வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை, அவ்வளவுதான்.

மின்சுற்று என்கிறோமே, அதில் 'சுற்று'தான் விஷயம். கம்பத்திலிருந்து பேஸ் ஒயரில் வரும் கரண்ட், பல்புக்குள் புகுந்து, நியூட்ரல் ஒயர் வழியாக டிரான்ஸ்பார்மருக்கே திரும்ப வேண்டும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் தள்ளுகிற வேகம், அதாவது வோல்டேஜ், அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் ஏதோ ஒரு லைட் சுவிட்ச் ஆனில் இருக்கிறது. பேஸ் அந்த பல்பு வழியாக இறங்கி, அறுந்து கிடக்கும் நியூட்ரல் ஒயரிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓட்டம் இல்லாததால் பல்பில் வோல்டேஜ் குறையவும் இல்லை. அதனால்தான் இரண்டாவது ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. அந்தப் பக்கத்து சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளை உருவிப் பாருங்கள். ஒரு ஓட்டையில் மட்டும்தான் எரியும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதி வயர்மேன் வேலை.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இதே கோளாறுக்குப் போயிருந்தேன். முகப்புச் சுவரில் தேக்குப் பலகை, அதில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். அந்தக் காலத்தில் நியூட்ரலுக்கும் ஒரு பியூஸ் போடுவார்கள். நியூட்ரல் கட்டையை உருவினால் கம்பி உருகி, திருகாணியில் பச்சையாகக் களிம்பு. 'கரண்ட்தான் இல்லையே' என்று அந்த வீட்டுப் பேரன் ஹோல்டரில் கைவைத்து அடி வாங்கியிருந்தான். இப்போது நியூட்ரலில் பியூஸ் வைக்கக் கூடாது. அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேராக லிங்க், அதாவது உருகாத உலோக இணைப்பு, போட்டுக் கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பலகையிலும் இரட்டைக் கட்டை இருக்கும் என்றுதான் என் மனசு சொல்கிறது.

கேள்வி: கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைகிறது. வீட்டில் அப்படி இல்லையே, ஏன்?
*(வாசகர், குன்றக்குடி)*

பதில்: பழைய சீரியல் செட்டில் 6 வோல்ட் பல்பு சுமார் 38 இருக்கும். ஒன்றன் வால் இன்னொன்றின் தலையில். 230 வோல்ட்டை எல்லாமாகச் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கின்றன. பாதை ஒன்றே ஒன்று. நடுவில் ஒருத்தர் படுத்தால் எல்லோரும் நிற்க வேண்டும். வீட்டிலோ ஒவ்வொரு பல்பும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் முழு 230.

ஒரு வேடிக்கை. 40 வாட், 100 வாட் குண்டு பல்பு இரண்டையும் சீரியலில் போட்டால் எது பளிச்சென்று எரியும்? 40 தான். தடை அதற்கு அதிகம், வோல்டேஜில் பெரிய பங்கை அது பிடுங்கிக்கொள்ளும். வேடிக்கை என்றேனே, வினையும் இதில்தான். மூன்று பேஸ் வீட்டில் கம்பத்து நியூட்ரல் அறுந்தால், இந்த அறைச் சாமானும் வேறு பேஸில் இருக்கும் அந்த அறைச் சாமானும் சீரியலாகி, இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டைப் பங்கு போடும். ஹீட்டருக்குக் கொஞ்சம், பாவம் டி.வி.க்கு நிறைய. ஓர் அறையில் லைட் பளீர், இன்னொன்றில் மங்கல் என்றால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீளம். மீட்டர் முன்னால், குளியலறை கடைசிக் கட்டில். ஹீட்டர் போட்டால் பின்கட்டு லைட் மட்டும் மங்குகிறது. மின்வாரியத்தில் வோல்டேஜ் சரி என்கிறார்கள்.
*(வாசகர், தேவகோட்டை)*

பதில்: அவர்கள் சொல்வது சரிதான். வோல்டேஜை வழியில் உங்கள் ஒயர் தின்கிறது.

மீட்டரிலிருந்து 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 60, வர 60, ஆக 120 மீட்டர் ஒயர். வருகிற கணக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லைட்டுக்கு இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் தடை 2 ஓமுக்குக் கொஞ்சம் மேல். 2000 வாட் ஹீட்டர் 8 ஆம்பியர் இழுக்கும். கரண்டைத் தடையால் பெருக்குங்கள், அதுதான் ஓம் விதி: ஏறக்குறைய 17 வோல்ட் ஒயரிலேயே போச்சு. சும்மா போகவில்லை, 140 வாட் சூடாகச் சுவருக்குள் போகிறது. மீட்டரிலிருந்தே ஹீட்டருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுங்கள். இழப்பு 5 வோல்ட்டுக்குள் அடங்கும். பெரிய எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மாட்டிச் சமாளிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்பாதீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்க இருப்பது. அதைப் பெரிதாக்கினால் ஒயர்தான் எரியும்.

கேள்வி: பேட்டரியில் கரண்ட் பிளஸிலிருந்து கிளம்புகிறதா, மைனஸிலிருந்தா?
*(ஒன்பதாம் வகுப்பு மாணவி, காரைக்குடி)*

பதில்: எலக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸுக்கு ஓடுகிறது தாயி. எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல். அதற்கு வெகுகாலம் முன்பே 'பிளஸிலிருந்து மைனஸுக்கு' என்று எழுதிப் பழகிவிட்டார்கள், மாற்றவில்லை. பரீட்சையில் கரண்ட் என்று கேட்டால் பிளஸிலிருந்து, எலக்ட்ரான் என்று கேட்டால் மைனஸிலிருந்து. பேட்டரி பற்றி மேலே படிக்க ஆசை இருந்தால் உங்கள் ஊரிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆசிரியரிடம் சொல்லி ஒரு நாள் பார்க்க முடியுமா என்று கேள்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. வயர்மேன் கழற்றிவிடலாம் என்கிறார்.
*(வாசகர், பள்ளத்தூர்)*

பதில்: வயர்மேனை மாற்றுங்கள். பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று ஆர்.சி.சி.பி. பெட்டி ஓயாமல் பார்க்கிறது, இல்லையென்றால் விழுந்து கரண்டைத் துண்டிக்கிறது. வீட்டுக்குப் போடுவதில், திரும்பி வருவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழ வேண்டும். அப்படிக் குறைந்துபோன கரண்ட் ஈரச் சுவர் வழியாகவோ மனுஷன் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். வளவு முற்றத்தில் நனையும் லைட், மொட்டை மாடி மோட்டார் இரண்டையும் முதலில் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் நியூட்ரல் வழிக் கசிவு தெரியாது.